இடது முன், வலது பின்

மிஷேலின் சைக்கிளில் கிரகோரி வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல இப்போது ஃபிரேம் மட்டும்தான் பாக்கி. மற்றதெல்லாம் மச்சினன் எல்வின் போட்டது. ஒரு மனிதன் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஆசை ஆசையாய் ஒரு மவுண்டன் பைக் வாங்கிக் கொடுக்க, அவன் கண்ணெதிரிலேயே வாரம் ஓர் உறுப்பாக இன்னொருவன் அதைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தால் வயிறு எரியுமா எரியாதா? கிரகோரிக்கு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

வாங்கும்போது அது எவ்வளவு அழகான சைக்கிள். தம்போயில் அவன் வேலை செய்யும் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த கடையில், மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஒரு மணி நேரம் நின்று தேர்ந்தெடுத்தான். சிவப்பு நிறம். இருபத்து நாலு இஞ்சு சக்கரம். முன்னால் பெரிய சைக்கிள்களுக்கு இருப்பதைப் போலவே சக்கரத்தைத் தாங்கும், ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். மிஷேல் அதைப் பார்த்ததும் ஓடி வந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டிக்கொள்ளலின் சூடு மூன்றே வாரம்தான் நின்றது.

எல்வின், மனைவி பேட்ரிசியாவின் தம்பி. சிங்கப்பூரில் வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் வாங்குகிற சம்பளத்தையும் கிடைக்கிற லீவையும் மலைச் சைக்கிளுக்கே தாரை வார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவான். அப்படி வந்த ஒரு ஞாயிறு, வாசலில் நின்ற சிவப்புச் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தான். மெதுவாகக் கீழே வைத்தான்.

"வெயிட்டு லா, மச்சான்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். குத்திக்காட்டவில்லை, சிரிக்கவில்லை. குத்திக்காட்டியிருந்தால் கிரகோரி ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்து அன்றைக்கே மனசை ஆற்றிக்கொண்டிருப்பான். நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான் எல்வின், அதுதான் தொல்லை.

அடுத்த ஞாயிறு அவன் காரில் ஒரு ஃபோர்க் வந்தது. "இந்த ஸ்பிரிங் சும்மா ஷோவுக்கு மச்சான். பிள்ளை வெயிட்டுக்கு இது அமுங்கவே அமுங்காது. பாருங்க," என்று மிஷேலை ஏற்றி அழுத்தச் சொல்லிக் காட்டினான். அமுங்கவில்லை. அதற்கடுத்த வாரம் பெடலைத் தாங்கும் கிராங்க்: பத்து வயசுக் காலுக்கு நீளம் அதிகமாம். பிறகு டயர். பிறகு சீட். பிறகு கியர் மாற்றுகிற சாமான்கள். ஒவ்வொரு முறையும் கழற்றிய பழையதை எல்வின் துடைத்து, பேப்பரில் சுற்றி, "இந்தாங்க மச்சான், பத்திரமா வையுங்க," என்று மரியாதையாக நீட்டுவான். கிரகோரி அதை வாங்கி ஸ்டோரில் வைப்பான். தன் பரிசைத் தானே தவணை முறையில் திரும்ப வாங்கிக்கொண்ட முதல் தகப்பன் ஜோகூரிலேயே அவனாகத்தான் இருக்கும்.

சைக்கிள் கெட்டுப்போயிருந்தாலாவது வாயைத் திறக்கலாம். அது ஒவ்வொரு வாரமும் நன்றாகிக்கொண்டே போனது. முன்பெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் பாதியிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போன மிஷேல், இப்போது உட்கார்ந்தபடியே ஏறினாள். ஏறி முடித்து, மேலே நின்று, "மாமா, பாத்தீங்களா," என்று கத்தினாள். கீழே மாமாவும் நின்றான், அப்பாவும் நின்றான். கூப்பிட்டது மாமாவை.

சாப்பாட்டு மேசையிலும் மாமாதான். மாமா சொன்னாரு, மாமா காட்டினாரு, மாமாவோட ஃபிரெண்டு சைக்கிள் எட்டு கிலோதான் இருக்குமாம். பேட்ரிசியா மகள் தட்டில் சோற்றைப் போட்டபடி, "என் தம்பிக்குப் பொறுமை ஜாஸ்தி," என்று பெருமைப்பட்டுக்கொள்வாள். கிரகோரி கறியில் இருந்த பட்டையைக் கடித்துத் துப்புவான்.

அவனும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் மணி வாங்கி வந்தான். சின்னதாக, வெள்ளி நிறத்தில், தட்டினால் கணீர் என்று கேட்கும். அவனே முடுக்கி மாட்டினான். மூன்றாம் நாள் அது ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது.

"ஏன்மா கழட்டிட்ட?"

"வெயிட்டு பா," என்றாள் மிஷேல்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் எல்வின் அவளைக் காட்டுப்பாதையில் ஓட்டக் கூட்டிப் போவான். "நீங்களும் வாங்க மச்சான்," என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவான். "எனக்கு வேலை இருக்கு," என்பான் கிரகோரி. அவர்கள் கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் ஜன்னலில் நின்றுவிட்டு, பிறகு சோபாவில் உட்கார்ந்து டிவியில் பந்தாட்டம் பார்ப்பான். எந்த அணி எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஒரே ஒரு ஞாயிறு கூடப் போயிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது. வீம்பு, போகவில்லை.

கடைசியாக வந்தது பிரேக். கேபிள் இழுக்கிற பழைய பிரேக்கை எடுத்துவிட்டு, எண்ணெயில் வேலை செய்கிற டிஸ்க் பிரேக் போட்டான் எல்வின். கூட வேலை செய்கிற ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் மகன் சைக்கிளில் இருந்து கழற்றிக் கொடுத்ததாம். மிஷேல் ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

"ஒரு விரல் போதும்பா. அப்படியே நிக்கும்."

"நல்லாருக்கு," என்றான் கிரகோரி. கழற்றிப் போட்ட பழைய பிரேக்கை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனான்.

அதிலிருந்து மூன்று மாதத்தில் சாஆ என்ற ஊர்ப் பக்கம், பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் சைக்கிள் ஜம்போரி வந்தது. தோட்டத்து மண்பாதையில் நூற்றுக்கணக்கான பேர் கூட்டமாக ஓட்டுகிற விழா அது. சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாக ஆறு கிலோமீட்டர். மிஷேல் பெயரைக் கொடுத்தது எல்வின்தான். கிரகோரிக்கு அது முடிந்த பிறகுதான் தகவல் வந்தது.

ஜம்போரிக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், கிரகோரி சைக்கிளைக் கழுவினான். கழுவுவதாவது அவனுக்கு மிச்சம் இருந்ததே. துடைத்து முடித்ததும் காய்வதற்காகத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. வீட்டு வாசலில் நிறுத்த வலது கை பிரேக்கைப் பிடித்தான். பின் சக்கரம் சறுக்கிக்கொண்டு போய் நின்றது.

இறங்கினான். மறுபடியும் பிடித்துப் பார்த்தான். வலது கையைப் பிடித்தால் பின் சக்கரம் நின்றது. இடது கையைப் பிடித்தால் முன் சக்கரம் நின்றது.

கிரகோரி இருபது வருஷமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். இந்த நாட்டில் மோட்டார் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வான், வலது கை முன் பிரேக் என்று. தம்போய்க் கடையில் வாங்கும்போது இந்தச் சைக்கிளும் அப்படித்தான் இருந்தது. மெத்தப் படித்த மச்சினன், ஃபோர்க்கில் எத்தனை கிராம் குறைக்கலாம் என்று கணக்குப் பார்க்கிறவன், பிரேக்கைக் கை மாற்றிப் போட்டுவிட்டான்.

அந்த நிமிஷம் கிரகோரிக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? மகள் பிறந்தபோது வந்த சந்தோஷத்துக்குப் பிறகு அவன் அப்படிப் பூரித்துப் போனது இல்லை. மகளுக்கு இதனால் ஆபத்து வருமே என்று அவன் முதலில் நினைக்கவில்லை. எல்வின் தப்புப் பண்ணிவிட்டான் என்றுதான் நினைத்தான். மகளுடைய பாதுகாப்பு ஞாபகத்துக்கு வந்தது இரண்டாவதாகத்தான், அதுவும் செய்யப்போகிற காரியத்துக்கு ஒரு நல்ல பெயர் தேவைப்பட்டதால் வந்தது.

வேலை சுலபம். எந்தக் கைக்கும் பொருந்துகிற பிரேக் லிவர். பிடியைக் கழற்றி, லிவர்களை உருவி, இடம் மாற்றி மாட்டி, அலன் கீயால் முடுக்கினால் தீர்ந்தது. எண்ணெய்க் குழாயை மட்டும் கொஞ்சம் வளைத்துக் கட்டவேண்டி இருந்தது. பட்டறைக்காரன் கை, கால் மணி நேரத்தில் முடித்துவிட்டது.

"இன்னும் என்ன பண்றீங்க அங்க?" என்று உள்ளேயிருந்து பேட்ரிசியா கேட்டாள்.

"கழுவுறேன்," என்றான்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். மகளிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விஷயம் எல்வின் காதுக்குப் போகும். எல்வின் வந்து ஏதாவது ஒரு விளக்கம் கொடுப்பான், அந்த விளக்கம் எப்போதும்போல சரியாக இருந்து தொலைக்கும். அதனால் கிரகோரி வேறு கணக்குப் போட்டான். நாளைக்கு மிஷேல் ஓட்டி முடிக்கட்டும். பிரேக் எப்படிம்மா இருந்துச்சு என்று எல்லார் முன்னாலும் கேட்கலாம். எப்பவும் இருக்கறதவிட நல்லா இருந்துச்சு என்பாள். அப்போது சொல்லலாம், நான்தான் சரி பண்ணேன், உங்க மாமா கை மாத்திப் போட்டிருந்தாரு என்று. எல்வினின் முகம் எப்படிச் சுருங்கும் என்பதை அவன் படுக்கையில் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கினான்.

காலையில் தோட்டம் ஜேஜே என்று இருந்தது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், மலாய்ப் பாட்டு, சட்டையில் நம்பர் குத்திக்கொண்ட பிள்ளைகள். எல்வின் குனிந்து டயரில் காற்றைப் பார்த்தான், பெடலைச் சுற்றிப் பார்த்தான், சீட்டை அசைத்துப் பார்த்தான். பிரேக்கைப் பார்க்கவில்லை. தன் கையால் போட்டதாயிற்றே, எதற்குப் பார்க்கவேண்டும்? கிரகோரி அவனைத் தாண்டி நடந்து, முதல் இறக்கம் முடிகிற வளைவுக்குப் போய் நின்றுகொண்டான். பாதையின் குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால், அதன்மேல் பலகை. அங்கே எல்லாப் பிள்ளைகளும் பிரேக் பிடித்தே ஆகவேண்டும். தான் சரிசெய்த பிரேக்கை மகள் பிடிப்பதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

மிஷேல் ஏழாவதாக வந்தாள். பலகையைப் பார்த்தாள். பிரேக் பிடித்தாள். முன் சக்கரம் அப்படியே நின்றது, சைக்கிளின் பின்பக்கம் எழும்பியது, அவள் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்துபோய்ப் பலகைக்கு அந்தப் பக்கம் கையை ஊன்றி விழுந்தாள்.

கிரகோரி எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. தூக்கி மடியில் போட்டபோது இடது மணிக்கட்டு இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. மிஷேல் அழுகைக்கு நடுவில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நான் ரைட்தான்பா பிடிச்சேன். மாமா சொன்ன மாதிரி ரைட்தான் பிடிச்சேன்."

"மாமா என்னம்மா சொன்னாரு?"

"லெஃப்ட் முன்னாடி, ரைட் பின்னாடி. இறக்கத்துல ரைட்டைத்தான் மொதல்ல பிடிக்கணும். ஒவ்வொரு சண்டேயும் சொல்லிச் சொல்லிப் பிடிச்சோம்பா. நான் தப்பா பிடிக்கல."

கிரகோரியின் மடியில் இருந்த பிள்ளை திடீரென்று கனத்தது. எல்வின் தெரியாமல் போடவில்லை. ஜெர்மன்காரர் ஊரில் இடதுதான் முன் பிரேக்; அது எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கமே போட்டு, தானும் அப்படியே ஓட்டுகிறவன் என்பதால், மூன்று மாதம் அவள் விரல்களுக்கு அதைப் பழக்கியிருக்கிறான். கூட வாங்க என்று ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டும் இருக்கிறான்.

எல்வின் மூச்சு வாங்க ஓடி வந்தான். முதலுதவிக்காரர்கள் கைக்கு அட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தினான். லிவரைப் பிடித்தான். சக்கரத்தைப் பார்த்தான். புதிதாக வளைத்துக் கட்டியிருந்த குழாயை விரலால் தடவினான். பிறகு நிமிர்ந்து கிரகோரியைப் பார்த்தான். அதற்குள் பேட்ரிசியா வந்துவிட்டாள்.

"என்னடா ஆச்சு? எப்படிடா விழுந்தா?"

"என் தப்புக்கா," என்றான் எல்வின். "பிரேக்கை ரொம்ப டைட்டா வெச்சுட்டேன்."

பேட்ரிசியா அவனைப் பிடித்துக்கொண்டாள். சிகாமட் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் திட்டினாள். சின்னப் பிள்ளைக்கு எதுக்குடா இதெல்லாம், இருந்த பிரேக்குக்கு என்ன குறைச்சல், உனக்குப் பிள்ளை குட்டி இருந்தா தெரியும். எல்வின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பின்சீட்டில் மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிரகோரி வெளியே ஓடுகிற செம்பனை மரங்களைப் பார்த்தான். இத்தனை நாள் அவன் கேட்க ஆசைப்பட்ட திட்டு அது. ஒரு சொல்லாவது இனிக்கவேண்டாமா?

எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. புதன்கிழமை மிஷேல், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, "இனிமே மாமா என் சைக்கிளைத் தொடக் கூடாது. நீங்கதான் பண்ணணும்பா," என்றாள்.

கிரகோரிக்கு அப்போது வெட்கமாக இருந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. வெட்கம் வந்தது, ஆனால் முதலில் வந்தது சந்தோஷம். "என்னம்மா சொன்ன?" என்று காது கேட்காதவன்போல இன்னொரு தரம் கேட்டு அதை வாங்கிக்கொண்டான். அப்புறம்தான் வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை எல்வின் வந்தான். பெரிய பையில் பழம், மிஷேலுக்குப் பிடித்த சாக்லெட், கையில் எப்போதும்போல சாமான் பெட்டி. வாசலில் சாத்தியிருந்த சைக்கிள் பக்கம் போனான். சமையலறையில் பேட்ரிசியா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"தொடாதீங்க மாமா," என்றாள் மிஷேல், கிரகோரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி. "அப்பா பாத்துப்பாங்க."

எல்வின் கையை இழுத்துக்கொண்டான். "சரிம்மா. அப்பாவே பாக்கட்டும். மாமா தப்புத்தானே," என்றான். பெட்டியைத் திறந்து அலன் கீ செட்டை எடுத்து, கிரகோரியிடம் நீட்டினான். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் மச்சான்."

கேலி இல்லை. கோபம் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. கிரகோரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோர்க்கை மாற்றினான், கிராங்கை மாற்றினான், கடைசியில் கிரகோரி செய்த தப்பையும் கழற்றி எடுத்துத் தன்மேல் மாட்டிக்கொண்டு நிற்கிறான். அதிலும் தன்னைவிட நல்லவனாக. பழியைச் சுமப்பதில்கூட இவனை முந்தமுடியாதா? உண்மையைச் சொல்லவேண்டும் என்று கிரகோரிக்குத் தோன்றியது மனசாட்சியால் இல்லை. அந்தப் பெருந்தன்மையை அவன் கையிலிருந்து பிடுங்கவேண்டும், அவ்வளவுதான்.

"அவன் தப்பு இல்லம்மா," என்றான். "பிரேக்கைக் கை மாத்தினது நான். சனிக்கிழமை. யார்கிட்டயும் சொல்லல."

சமையலறையில் குழாய் நின்றது. எல்வின், "மச்சான், விடுங்க," என்றான்.

மிஷேல் தகப்பனைப் பார்த்தாள். "ஏன்பா சொல்லல? சொல்லியிருந்தா மாத்திப் பிடிச்சிருப்பேனே."

"பொறாமைம்மா."

"அப்படின்னா?"

"ஜெலஸ்."

"யார் மேல?"

"மாமா மேல."

அவள் யோசித்தாள். மலாய்மொழித் தேசியப் பள்ளியில் படிக்கிறவள். ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மலாய்க்குத்தான் போவாள்.

"செம்புருவா, டெங்க்கியா?"

கிரகோரிக்குக் கொசு ஞாபகம்தான் வந்தது. "காய்ச்சலா?"

"அது டெங்கி பா. இது டெங்க்கி. எங்க மொரல் டீச்சர் ரெண்டுக்கும் டிஃபரென்ஸ் சொன்னாங்க. செம்புருன்னா, நாம பாசமா சயாங் பண்றவங்க நம்மள விட்டுட்டு வேற யார்கிட்டயோ போயிடுவாங்களோன்னு வர்றது. அது பாசத்துல வர்றது. டெங்க்கின்னா, இன்னொருத்தர் நல்லா இருக்கறது பிடிக்காம, அவங்களுக்குக் கெட்டது வரணும்னு நெனைக்கிறது. அதுதான் பாவம்னு சொன்னாங்க." அவள் ஆவலாக அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்க செம்புருதானேப்பா?"

தப்பித்துக்கொள்ள அவளே கதவைத் திறந்து வைத்திருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கழுத்தைக் கட்டிக்கொள்வாள். பாதி உண்மையும்கூட. ஆனால் சனிக்கிழமை அலன் கீயைத் திருகும்போது மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது மகள் முகம் இல்லை என்பது கிரகோரிக்குத் தெரியும். ஓடியது எல்வினின் முகம், அது சுருங்குகிற அழகு.

"மொதல்ல செம்புருதாம்மா," என்றான். "அப்புறம் டெங்க்கி ஆயிடுச்சு."

"மாமாவுக்குக் கெட்டது வரணும்னா?"

"மாமா எல்லார் முன்னாடியும் அசிங்கப்படணும்னு."

மிஷேலுக்கு அது புரிந்தது. அப்படி நினைக்கிற பிள்ளைகள் வகுப்பிலும் இருப்பார்கள்தானே. அவள் மாமாவை ஒருமுறை பார்த்தாள், பிறகு மடியில் கிடந்த தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. விடை வராத கணக்கை நீட்டிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"டெங்க்கி மாமா மேலதானே? அப்ப ஏன்பா என் கை ஒடஞ்சுச்சு?"